பதினேழாம் வினாவுக்கு விடை

ஏப்ரல் 6, ஞாயிறு

காலை பிரஷர் 146/92. டாக்டர் தினமும் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார். என்ன சாப்பிட்டேன், எவ்வளவு தூங்கினேன் என்பதையும் எழுத வேண்டுமாம். எதற்கெல்லாம் கோபப்பட்டேன் என்று எழுதச் சொன்னது டாக்டர் இல்லை, என் மனைவி உலகம்மை. அதற்கு இந்த நோட்டு போதாது.

புளியங்குடியில் பஸ் ஏறி, இரண்டு இடத்தில் மாறி, மதியம் இரண்டு மணிக்கு இங்கே வந்து சேர்ந்தேன். மலையடிவாரத்தில் ஓர் இன்ஜினியரிங் கல்லூரி விடுதி. பிள்ளைகளை லீவுக்கு அனுப்பிவிட்டு, முப்பது கணக்கு ஆசிரியர்களை உள்ளே விட்டுப் பூட்டியிருக்கிறார்கள். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே பூட்டு. வாசலில் செல்போனை வாங்கி, பெயர் எழுதிய துணிப்பையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டார்கள். பதினாறாம் தேதி மாலைதான் கிடைக்கும். வீட்டுக்குப் பேச வேண்டுமானால் அலுவலக அறையில் இரண்டு நிமிடம், ஸ்பீக்கரில், பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க. வெளியே போகிற காகிதம் எதுவானாலும் வாசலில் பிரித்துப் பார்ப்பார்கள். இந்த நோட்டையுமா என்று கேட்டேன். "எதுவானாலும் சார்" என்றார் முகாம் பொறுப்பாளர் நல்லசிவம். பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். இன்னும் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் மாதிரியே பேசுகிறார்.

இவ்வளவு கண்டிப்புக்கும் காரணம் இருக்கிறது. அறக்கட்டளை நடத்தும் இந்தத் தேர்வை ஆறாயிரத்துச் சொச்சம் பிளஸ் டூ பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். முதல் நூற்றிருபது பேருக்கு நான்கு வருஷப் படிப்பும் விடுதியும் இலவசம். எழுதுகிறவர்களில் பாதிப் பேர் பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளைகள். போன வருஷம் நூற்றிருபதாவது இடத்துக்கும் நூற்றைம்பதாவது இடத்துக்கும் வித்தியாசம் இரண்டே மதிப்பெண்.

நான் முதன்மைத் தேர்வாளர். என்கீழ் ஐந்து பேர் சிவப்பு மையில் திருத்துவார்கள். நான் பச்சை மையில் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவேன். வயதுக்குக் கொடுத்த மரியாதை. பள்ளியில் ஓய்வுபெற எனக்கு இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது.

இரவு இரண்டு சப்பாத்தி. ஊறுகாயைத் தொடவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

144/90. குறைந்திருக்கிறது. செல்போன் இல்லாத புண்ணியம்.

காலையில் எல்லோர் முன்னிலையிலும் அரக்கு முத்திரையை உடைத்தார்கள். பெரிய உறைக்குள் தட்டச்சு செய்த விடைக்குறிப்பு. அதோடு இன்னொரு சின்ன உறை. அதில் வினா அமைத்தவரின் கையெழுத்துப் பிரதி இருக்கிறதாம். அதைத் திறக்க மாட்டார்கள்.

"வினாத்தாள் அமைச்சவரு யாருன்னு எனக்கும் தெரியாது" என்றார் நல்லசிவம். "செயலாளர் தாணுலிங்கம் ஐயாவுக்கு மட்டும்தான் தெரியும். ஐயா தை மாசம் தவறிட்டாங்க." எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். நல்ல மனிதர். பேசும்போது கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துக்கொண்டே இருப்பார். ஏதோ ஒரு கூட்டத்தில் பார்த்திருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

வினாத்தாள் நன்றாகவே அமைந்திருக்கிறது. குறிப்பாகப் பதினேழாவது வினா. ஒன்று கீழ் x கழித்தல் இரண்டு என்பது சார்பு. x இரண்டை நெருங்கும்போது சார்பின் எல்லை என்ன, வரைபடத்துடன் எழுதுக. ஐந்து மதிப்பெண். படிப்படியாக மதிப்பெண் கிடையாது, விடை சரியென்றால் ஐந்து, இல்லையென்றால் பூஜ்யம். மனப்பாடம் பண்ணிவிட்டு வருகிறவனை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கும் வினா. யாரோ யோசித்துத்தான் போட்டிருக்கிறார்.

விடைக்குறிப்பை நல்லசிவம் வரிவரியாக வாசித்தார். நான் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

என் குழுவில் ரெக்ஸலின் என்று ஒரு டீச்சர். நாசரேத் பக்கம் தனியார் பள்ளியில் வேலை. முப்பது வயது இருக்கும். பேனாவைக் காதுக்கு மேலே செருகிக்கொள்கிற பழக்கம். பதினோரு மணிக்கு எழுந்து என் மேஜைக்கு வந்தார்.

"சார், பதினேழுக்குக் குறிப்புல முடிவிலின்னு போட்டிருக்கு. அது தப்பு சார்."

"குறிப்பு போட்டது வினா அமைச்சவரு. நம்ம வேலை திருத்துறது."

"ரெண்டுக்கு இடது பக்கமா வாங்க சார். ஒண்ணு புள்ளி ஒன்பது போட்டா மைனஸ் பத்து. ஒண்ணு புள்ளி ஒன்பது ஒன்பது போட்டா மைனஸ் நூறு. கீழ போய்க்கிட்டே இருக்கு. வலது பக்கமா வாங்க. ரெண்டு புள்ளி ஒண்ணுக்குப் பத்து. ரெண்டு புள்ளி பூஜ்யம் ஒண்ணுக்கு நூறு. மேல போய்க்கிட்டே இருக்கு. ஒண்ணு பாதாளத்துக்குப் போவுது, ஒண்ணு ஆகாசத்துக்குப் போவுது. இதுல எப்படி சார் ஒரே எல்லை வரும்? எல்லை இல்லைன்னுதான் எழுதணும். x சமம் ரெண்டுல ஒரு செங்குத்துத் தொலைத்தொடுகோடு, அவ்வளவுதான்."

விடைக்குறிப்பை வாங்கிப் பார்த்தேன். வினாத்தாளைப் பார்த்தேன். மறுபடி விடைக்குறிப்பைப் பார்த்தேன்.

"குறிப்புல உள்ளபடி போடுங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அடுத்த மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். கீழே இருக்கும் x கழித்தல் இரண்டுக்கு மேல் அடுக்கு இரண்டு இருந்திருக்க வேண்டும். வர்க்கம் போட்டால் மைனஸ் எல்லாம் பிளஸ் ஆகிவிடும். எந்தப் பக்கம் வந்தாலும் மேலேதான் ஏறும், முடிவிலி என்பதும் சரியாகிவிடும். அச்சடித்தவன் அந்தக் குட்டி இரண்டை விழுங்கிவிட்டான். வேறு என்னவாக இருக்க முடியும்? அச்சகத்தில் இதெல்லாம் சகஜம். வினா அமைத்தவர் மேல் தப்பு சொல்ல முடியாது.

மாலை 158/98. ரசத்தில் உப்பு அதிகம்.

ஏப்ரல் 9, புதன்

வேலை. அறுபது தாள். சாம்பாரில் கத்தரிக்காய். கோபம் இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

தாள்களில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். இன்று 2117 வந்தது.

கையெழுத்து குண்டு குண்டாக இருந்தது. பெண்பிள்ளை என்று நினைக்கிறேன். பதினேழாம் வினாவுக்கு முதலில் இரண்டு அட்டவணை போட்டிருந்தாள், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. அடுத்து வரைபடம். x சமம் இரண்டில் புள்ளிக்கோடு. அதன் இடப்பக்கம் வளைவு கீழே விழுகிறது, வலப்பக்கம் மேலே ஏறுகிறது. ஸ்கேல் வைத்து வரைந்த கோடு. கீழே எழுதியிருந்தாள்: "இடப்பக்க எல்லையும் வலப்பக்க எல்லையும் வேறு. எனவே எல்லை இல்லை. கீழே வர்க்கம் இருந்திருந்தால் விடை முடிவிலி ஆகியிருக்கும். இங்கே வர்க்கம் இல்லை என்பதைக் கவனித்தேன்."

கவனித்தேன் என்கிறாள். பதினேழு வயதுப் பிள்ளை.

ரெக்ஸலின் அதற்குச் சிவப்பில் பூஜ்யம் போட்டுவிட்டு, அந்தத் தாளைத் தனியாக எடுத்து என் முன்னால் வைத்தார். தாளில் மொத்தம் 84. ஐந்து சேர்ந்தால் 89. போன வருஷக் கணக்குப்படி 84 என்றால் வெளியே, 89 என்றால் உள்ளே.

பூஜ்யத்துக்குப் பக்கத்தில் பச்சை மையில் கையெழுத்துப் போட்டேன்.

மாலை பார்க்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

ரெக்ஸலின் ஒரு மனு எழுதிக்கொண்டு வந்துவிட்டார். ஐந்து முதன்மைத் தேர்வாளர்களில் ஒருவராவது கையெழுத்துப் போட்டால் பொறுப்பாளர் விசாரிக்க வேண்டும் என்று விதி. நான்கு பேர் மறுத்துவிட்டார்கள். ஐந்தாவது ஆள் நான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கையெழுத்து இல்லாமலே மனுவை நல்லசிவத்திடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு வாயும் அதிகம், தைரியமும் அதிகம்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நல்லசிவம் எல்லோரையும் கூட்டினார். கையில் விதிப் புத்தகம்.

"தாணுலிங்கம் ஐயா எழுதிவச்ச விதி. பதினோராவது. விடைக்குறிப்பை வினா அமைச்சவரைத் தவிர வேற யாரும் மாத்தக் கூடாது. அவரு காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். அதை அவரே தேர்வாளர்கள் முன்னால வாசிக்கணும். அந்தக் கையெழுத்தை உள் உறையில இருக்குற கையெழுத்தோட ஒத்துப் பார்க்கணும். எனக்குக் கணக்கு தெரியாது. விதி தெரியும். அந்த ஆளு வந்தா மாத்துதேன். வரலைன்னா குறிப்பு குறிப்புதான்."

"அவரை எங்க சார் போய்த் தேடுறது?" என்று கேட்டார் ரெக்ஸலின்.

"ஐயாவோட டைரியிலகூட பேரு இல்லம்மா. நான் பாத்துட்டேன்."

சாப்பாட்டு மேஜையில் முப்பது பேரும் சேர்ந்து அந்த ஆளை வறுத்தெடுத்தார்கள். "எந்தக் கூமுட்டைய்யா அவன்?" என்றார் ஒருவர். "பட்டம் வாங்கினானா, பரிசல் ஓட்டினானா?" என்றார் இன்னொருவர். "நீங்க என்ன சார் நினைக்கீங்க?" என்று என்னைக் கேட்டார்கள். மனிதன் தப்பு செய்வது சகஜம்தானே என்றேன். "நீங்க ரொம்ப நல்லவரு சார்" என்று சொல்லி எனக்கு இன்னொரு கரண்டி மோர் ஊற்றினார்கள்.

விதியில் அதற்குக் கீழேயும் சில வரிகள் உண்டு. நல்லசிவம் வாசிக்கவில்லை. வினா அமைத்தவர் திருத்தும் பணிக்கு வரவே கூடாது. விடைக்குறிப்பை மாற்ற வந்தாலொழிய, தான்தான் அமைத்தேன் என்று வாயாலோ எழுத்தாலோ எங்கும் வெளியிடக் கூடாது. மீறினால் அன்றே அறக்கட்டளையோடு அவர் உறவு முடிந்தது, அவருடைய பள்ளி நிர்வாகத்துக்கும் கடிதம் போகும். விதிப் புத்தகம் எங்கே கிடைத்தது என்று யாராவது கேட்டால், மேஜைமேல் கிடந்ததைப் புரட்டினேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

160/100.

ஏப்ரல் 12, சனி

வீட்டுக்குப் பேசும் முறை இன்று எனக்கு. பக்கத்தில் காவலாளி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கையில் ஸ்டாப்வாட்ச் இல்லாத குறைதான்.

"ஏங்க, மோட்டார் ஓடல. எலக்ட்ரீசியன் நாளைக்கு வாரேன் நாளைக்கு வாரேன்னு நாலு நாளாச் சொல்லுதான்" என்றாள் உலகம்மை.

"வேற ஆளைக் கூப்பிடு."

"கூப்பிடுதேன். அப்புறம், கண்ணாடிக்கடைக்காரர் வந்தாரு. புதுக் கண்ணாடிக்கு பவர் கேக்காரு. கார்த்திகை மாசம் மதுரைக்குக் கண்ணு டாக்டரைப் பாக்கப் போறேன்னு போனீங்கள்லா, அந்தச் சீட்டு எங்க? வீட்டை ரெண்டா மடக்கித் தேடிட்டேன்."

காவலாளி என்னைப் பார்த்தார்.

"எங்கயோ வச்சேன். வந்து பாக்கேன்" என்றேன்.

"அங்க என்னமும் பிரச்சினையா? கொரலு ஒரு மாதிரி இருக்கே."

"சளி."

"பங்குனி மாசத்துல என்ன சளி? மாத்திரை போட்டீங்களா?"

இரண்டு நிமிடம் முடிந்துவிட்டது. இருபத்தொன்பது வருஷமாக என் குரலைக் கேட்கிறவள். சளி என்பதை அவள் நம்பவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

வெளியே மழை தூறுகிறது. இன்று அரை நாள்தான் வேலை. மதியம் முழுக்கப் படுத்தே கிடந்தேன்.

வெறும் ஊகமாக எழுதுகிறேன். வினா அமைத்தவர் முதலில் வர்க்கத்தோடுதான் அந்த வினாவைப் போட்டிருப்பார். விடையும் எழுதியிருப்பார், முடிவிலி என்று. எல்லாவற்றையும் சுத்தமாகப் பிரதி எடுத்து முடித்திருப்பார். மறுநாள் மதுரைக்குப் போக வேண்டும், தாணுலிங்கம் ஐயா லாட்ஜில் காத்திருப்பார். சமையலறையில் குக்கர் விசில் அடிக்கிறது. கடைசியாக ஒருமுறை புரட்டும்போது பதினேழைப் பார்க்கிறார். இது ரொம்ப லேசு என்று தோன்றுகிறது. கீழே பூஜ்யம் வந்தால் முடிவிலி என்று கிளிப்பிள்ளை மாதிரி எழுதுகிறவனுக்கெல்லாம் ஐந்து மதிப்பெண்ணா? வர்க்கத்தை எடுத்துவிட்டால் அவனவன் மாட்டிக்கொள்வான். இரண்டு பக்கமும் பார்க்கிற பிள்ளை மட்டும் தப்பும். அந்தக் குட்டி இரண்டை அடித்துவிட்டுத் தன் சாமர்த்தியத்துக்குத் தானே சிரித்துக்கொண்டிருப்பார். அதற்குள் சாப்பிடக் கூப்பிட்டிருப்பார்கள். விடைக்குறிப்பு வேறு தாளில் இருந்தது. அதை மாற்றவில்லை.

அச்சகத்தான் பாவம். அவன் எதையும் விழுங்கவில்லை.

மாட்டிக்கொள்ள வேண்டியவர்களுக்கெல்லாம் ஐந்து ஐந்தாகப் போட்டுக்கொண்டிருக்கிறோம். தப்பித்தவர்களுக்குப் பூஜ்யம்.

சரி, ஊகம்தானே. யார் கண்டது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. பாயசம் போட்டார்கள். எனக்குச் சர்க்கரை இல்லை, பிரஷர் மட்டும்தான். அதனால் இரண்டு டம்ளர் குடித்தேன். ஆளுக்கொரு மாம்பழமும் கொடுத்தார்கள்.

மாலையில் நல்லசிவத்தின் அறைவரை நடந்தேன். அவர் அறை தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கிறது. பாதி தூரம் போனேன். நின்றேன். மீதியில் பாதி போனேன். கதவுக்கு நான்கடி தூரத்தில் அவர் உள்ளே யாரோடோ பேசிச் சிரிப்பது கேட்டது. திரும்பி வந்துவிட்டேன். கணக்கு வாத்தியாருக்கு நெருங்கத் தெரியும், தொடத் தெரியாது என்று யாராவது கிண்டல் செய்தால் இன்று வாங்கிக்கொண்டிருப்பேன்.

பயமாக இருக்கிறது. இதை எழுதுவதில் தப்பில்லை, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கட்டும். முப்பத்திரண்டு வருஷம் வகுப்பில் நின்றவன். பஸ்ஸில் ஏறினால் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். தென்காசிப் புத்தகக் கடையில் "எல்லை சார் புத்தகம்" என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள், நான் எழுதிய கையேட்டை. அந்த ஆள் எல்லையிலேயே கோட்டைவிட்டான் என்று ஊரில் பேசுவார்கள். பதினான்கு மாதமும் பள்ளி வராந்தாவில் அந்தப் பேச்சுக்கு நடுவே நடக்க வேண்டும். வாயைத் திறக்காவிட்டால் ஒன்றும் இல்லை. தெரிந்த ஒரே மனிதரும் போய்ச் சேர்ந்துவிட்டார். கடவுளே வந்து கேட்டாலும் சாட்சி கிடையாது.

படுத்தால் தூக்கம் வரவில்லை. அந்தக் குண்டுக் கையெழுத்து கண்முன்னால் வருகிறது.

ஏப்ரல் 15, செவ்வாய்

நாளை மதியம் கட்டுகளைக் கூட்டலுக்கு அனுப்பிவிடுவார்கள். அதன்பிறகு எதையும் திறக்க முடியாது.

ரெக்ஸலின் ஒரு வாரமாகக் குறித்து வைத்த கணக்கைக் காட்டினார். எங்கள் குழுவில் மட்டும் அறுபத்தோரு பேர் எல்லை இல்லை என்று காரணத்தோடு எழுதியிருக்கிறார்கள். ஐந்து குழுவுக்கும் சேர்த்தால் முந்நூறைத் தாண்டும்.

டீ குடிக்கும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சார், நான் பிளஸ் டூ படிக்கையில உங்க கையேட்டுலதான் எல்லை படிச்சேன். ஒரு பக்கம் மட்டும் பார்த்துட்டு விடை சொல்லாதேன்னு பெரிய எழுத்துல போட்டிருப்பீங்க. அதைச் சுவத்துல எழுதி ஒட்டிவச்சிருந்தேன். அதான் உங்க குழுன்னதும் சந்தோசப்பட்டேன்."

நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்களைக் குத்தம் சொல்லல சார். உங்களால என்ன செய்ய முடியும்? அந்த வினா அமைச்சவர் மேலதான் முதல்ல அப்படி ஒரு கோவம். இப்ப இல்ல. அவரும் செத்துப்போயிருப்பாருன்னு நெனச்சுக்கிட்டேன். உயிரோட இருக்குற மனுசன்னா இந்நேரம் எப்படியாவது தெரிஞ்சு ஒரு தபாலாவது போட்டிருப்பாருல்லா? செத்தவர்னு நெனச்சா மனசு ஆறிப்போவுது."

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

170/104. விடுதி நர்ஸ் என்னைப் படுக்கச் சொன்னார். படுக்கவில்லை.

ஏப்ரல் 16, புதன். பஸ்ஸில்

வினாத்தாளை அமைத்தவன் நான். பதினேழாம் வினா என்னுடையது. தவறான விடையும் என்னுடையது. இனி எழுதலாம்.

காலை எட்டு மணிக்கு நல்லசிவத்தின் கதவைத் தட்டினேன். சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கக் கடிதத்தை நீட்டினேன். நின்றபடியே வாசித்தார், பிறகு உட்கார்ந்து வாசித்தார். பேங்கில் செக்கைப் பார்ப்பது மாதிரி கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு சாட்சிகளைக் கூப்பிட்டு உள் உறையைப் பிரித்தார். நான் கார்த்திகையில் எழுதிய தாள். பதினேழாவது வினாவில் அந்தக் குட்டி இரண்டின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் என் சுருக்கொப்பம். பன்னிரண்டு பக்கத்தில் ஒரே ஓர் அடித்தல்.

"திருத்த வரக்கூடாதுன்னு தெரியும்லா சார்? ஏன் வந்தீங்க?"

"வர மாட்டேன்னு சொன்னா ஏன்னு கேப்பீங்க. காரணம் சொல்லக் கூடாது. ஐயா இருந்திருந்தா அவர்ட்டச் சொல்லியிருப்பேன்."

"எட்டாம் தேதியே அந்தப் பொண்ணு கேட்டிச்சே. அன்னைக்கே எங்கிட்ட வந்திருக்கலாம்லா?"

வந்திருக்கலாம். அதற்கு எந்த விதியும் தடையாக இல்லை. அதை அவரிடம் சொன்னேன்.

பத்து மணிக்குக் கூடத்தில் வாசித்தேன். கரும்பலகை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகளைச் சிக்க வைக்க வர்க்கத்தை நீக்கினேன், விடைக்குறிப்பை மாற்ற மறந்தேன், எட்டாம் தேதியே தெரிந்துகொண்டேன், இன்றுவரை மறைத்தேன் என்று நான்கு வரி. "பதினேழாம் வினாவுக்குச் சரியான விடை: எல்லை இல்லை" என்று ஐந்தாவது வரி. எனக்கு மோர் ஊற்றியவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நல்லசிவம் மணியை அடித்தார், முப்பது பேரும் கட்டுகளைப் பிரிக்கத் தொடங்கினார்கள். முடிவிலி என்று எழுதி ஐந்து வாங்கியவர்கள் இனி அதை இழப்பார்கள். ஐந்து கிடைத்ததும் போனதும் அவர்களுக்குத் தெரியவே தெரியாது. அவர்களுக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டியவன்.

நான் உடனே வெளியேற வேண்டும். அதற்கு முன், நான் பச்சை மையில் கையெழுத்துப் போட்ட பூஜ்யங்களை என்னை வைத்தே அடிக்கச் சொன்னார் நல்லசிவம். மதியம்வரை அவகாசம்.

ரெக்ஸலின் மேஜைக்குப் போனேன். அவர் எழுந்திருக்கவில்லை. 2117-ஐத் தேடி எடுத்து என் பக்கம் தள்ளினார். பூஜ்யத்தை அடித்தேன். ஐந்து என்று எழுதினேன். 84-ஐ அடித்து 89 ஆக்கினேன். கையெழுத்துப் போட்டேன். அந்த வரைபடத்தை இன்னொருமுறை பார்த்தேன். புள்ளிக்கோடு துளிகூட வளையாமல் நின்றது.

"டீச்சர்" என்றேன்.

"எட்டு நாளு சார்" என்றார் ரெக்ஸலின். குரல் உயரவில்லை. "எட்டு நாளா எனக்குத்தான் கணக்குத் தெரியலையோன்னு ராத்திரியெல்லாம் முழிச்சு முழிச்சுப் போட்டுப் பாத்தேன். நீங்க எம்பக்கத்துலயே உக்காந்து டீ குடிச்சிட்டு இருந்தீங்க."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். மன்னிப்புக் கேட்டேன். அவர் காதிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். அடுத்த தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"அதெல்லாம் பொறவு பாத்துக்கலாம். இன்னும் அறுபது கெடக்கு. பன்னெண்டு மணிக்குள்ள முடியணும், சீக்கிரம் அடிங்க சார்."